சூடானுக்காகச் சென்னையிலிருந்து: பணமா, தங்கமா, கடிதமா?

பெரம்பூரில் டியூஷன் எடுக்கும் ஓர் அக்கா என்னிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகள், பக்கத்துத் தெரு, சொந்தபந்தம் என்று 14 குடும்பங்கள் சேர்ந்து 60,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சூடானில் எல் ஃபாஷர் நகரம் விழுந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "யார்கிட்ட குடுத்தா சோறாப் போகும், யார்கிட்ட குடுத்தா குண்டாப் போகும்னு தெரியலைங்க. பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

வேறு சிலரும் இதையே வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். ஐ.நா.வுக்குக் கொடுப்பதா, அங்கே சமைத்துப் போடும் இளைஞர்களுக்கா? பணம் கொடுத்து என்ன ஆகப்போகிறது, துபாய் தங்கம் வாங்குவதை நிறுத்துவதுதானே சரி? எம்.பி.க்கு எழுதினால் ஏதாவது நடக்குமா? ஒருவர், வீட்டில் இருக்கும் பழைய துணிகளைக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

## எதை வைத்து அளப்பது?

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன். கொடுத்தது பசித்தவர் கைக்கு எவ்வளவு சீக்கிரம் போகும்? வழியில் ஆயுதக்காரர்கள் எவ்வளவு பிடுங்குவார்கள்? சென்னையில் இருக்கும் சாதாரண மனிதர் சட்டச் சிக்கல் இல்லாமல் அதைச் செய்ய முடியுமா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்: இந்தப் போரை ஓடவைக்கும் வெளிக் கைகளில் ஒன்றையாவது அது தொடுகிறதா?

நாலாவது கேள்வி ஏன் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

## எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுபவர்கள்

2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் போர் தொடங்கியது. ஒரு பக்கம் ஜெனரல் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹானின் ராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் தகாலோவின் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவம். 2000களில் நாட்டின் மேற்கே உள்ள தார்ஃபூரில் ஊர் ஊராகக் கொளுத்திய ஜன்ஜவீத் கும்பல்களிலிருந்து வந்தது இது. இரண்டு பேரும் சேர்ந்துதான் 2021 அக்டோபரில் இடைக்கால அரசைக் கவிழ்த்தார்கள். அப்புறம் அதிகாரத்தைப் பங்கு போடுவதில் மோதிக்கொண்டார்கள்.

அப்போது சூடான் நம் நாளிதழ்களிலும் சில நாட்கள் முதல் பக்கத்தில் இருந்தது. நம் ஆற்றின் பெயரை வைத்து 'ஆபரேஷன் காவேரி' என்று இந்திய அரசு 3,862 பேரை மீட்டு வந்தது. அவர்களில் தமிழர்களும் உண்டு. நம்மவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள், செய்தியும் நின்றது. போர் நிற்கவில்லை. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மக்கள் தொகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடும் உணவுப் பஞ்சம். செத்தவர்களை யாரும் முழுதாக எண்ணவில்லை. அமெரிக்காவின் சிறப்புத் தூதராக இருந்த டாம் பெரியெல்லோ, அது 1,50,000 வரை இருக்கலாம் என்று 2024ல் சொன்னார்.

பெயர்தான் உள்நாட்டுப் போர். இவ்வளவு நாள் ஓட்டுவதற்கு உள்நாட்டுச் சரக்கு போதாது. ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கிழக்குச் சாட் நாட்டின் அம்ஜராஸ் விமான நிலையம் வழியாக ஆயுதம் போகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் எழுதியது. அமீரகம் இதை மறுக்கிறது. சீனத் தயாரிப்பான வழிநடத்து குண்டுகளும் பீரங்கிகளும் அமீரகம் வழியாக மறு ஏற்றுமதியாகித் தார்ஃபூருக்கு வந்திருக்கின்றன என்று 2025 மே மாதம் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் சொன்னது. இந்த உறவு நேற்று முளைத்ததல்ல. 2015லிருந்து யேமன் போருக்குச் சூடானிலிருந்து ஆள் அனுப்பியதில் ஹெமெட்டிக்கு வளைகுடாவில் நல்ல பிடிப்பு ஏற்பட்டது. அதன் பிறகு தங்கம்.

ராணுவத்தின் பக்கம் எகிப்து நிற்கிறது. துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் ஈரானின் மொஹாஜிர்-6 ட்ரோன்களும் ராணுவத்திடம் வந்தன. ரஷ்யா இரண்டு பக்கமும் விளையாடியது. முதலில் வாக்னர் கூலிப்படை ஆர்.எஸ்.எஃப்.போடு. அப்புறம் செங்கடல் ஓரத்தில் கடற்படைத் தளம் வேண்டும் என்று ராணுவத்தோடு. 2024 நவம்பரில் பாதுகாப்பு மன்றத்தில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்துக்கு 14 நாடுகள் கை தூக்கின. ரஷ்யா ஒற்றை ஆளாக வீட்டோ போட்டது.

அமெரிக்கா 2025 ஜனவரி 7 அன்று ஆர்.எஸ்.எஃப். செய்வது இனப்படுகொலை என்று அறிவித்தது. அதே மாதம் பதவிக்கு வந்த புதிய அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. சூடானில் சமூகச் சமையல் கூடங்கள் 1,100க்கு மேல் மூடப்பட்டன. ஏறக்குறைய ஐந்தில் நான்கு. சமாதானம் பேச அமெரிக்கா, சவுதி, எகிப்து, அமீரகம் நால்வரும் கூடி 2025 செப்டம்பரில் மூன்று மாதப் போர் இடைநிறுத்தத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று குற்றம் சாட்டப்படுபவர்களே நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அமீரகத்தின் மேல் சூடான் போட்ட இனப்படுகொலை வழக்கை, விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2025 மே 5 அன்று தள்ளிவிட்டது. ஆயுதம் கொடுத்தார்களா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே அது போகவில்லை.

தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம் சுமார் ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபர் 26 அன்று ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. அங்கிருந்த சவுதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

முற்றுகைக் காலத்தில் அந்த ஊர் மக்கள் 'அம்பாஸ்' என்ற ஒன்றைத் தின்றார்கள். என்ன என்று தேடிப் பார்த்தேன். கடலைப் புண்ணாக்கு. எங்கள் தெருமுனைச் செக்கு எண்ணெய்க் கடையில் கோணிப் பையில் குவித்து வைத்திருப்பார்களே, அதே பொருள். போய் ஒரு துண்டு கேட்டேன். "மாட்டுக்கா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு கை அளவு உடைத்துக் கொடுத்தார். ஓடு மாதிரி இருந்தது. வாயில் போட்டால் முதலில் மரத்தூள், பிறகு காறல். குழந்தைக்கு இதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி மாதங்களில் இதுவும் கிடைக்கவில்லை.

அதனால்தான் சோறு போடுவதும் வேண்டும், எண்ணெய் ஊற்றும் கையைத் தட்டிவிடுவதும் வேண்டும் என்கிறேன். எந்த வழி எதைச் செய்கிறது என்று இனி பார்க்கலாம்.

## வழி 1: ஐ.நா. அமைப்புகளும் பெரிய சர்வதேச அமைப்புகளும்

உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள், செஞ்சிலுவைச் சங்கம். லாரி லாரியாகத் தானியம் கொண்டுபோவதும், காலராவுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொடுப்பதும், எலும்பும் தோலுமான குழந்தைக்குச் சத்து விழுது ஊட்டித் தேற்றுவதும் இவர்களால் மட்டுமே ஆகும். கடன் அட்டை இருந்தால் உலக உணவுத் திட்டத்தின் 'ஷேர் தி மீல்' செயலியில் ஐந்து நிமிட வேலை. ரசீது வரும், கணக்கு வரும்.

சிக்கல் வாசலில் இருக்கிறது. ஐ.நா. ஒரு நாட்டுக்குள் போக அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும். சூடானில் அரசு என்றால் போர்ட் சூடானை மையமாக வைத்து நடந்த ராணுவ அரசு. சாட் எல்லையில் உள்ள அத்ரே வாசலை 2024 பிப்ரவரியில் ராணுவம் அடைத்தது. ஆகஸ்ட்டில்தான் திறந்தது. பசிக்கு ஆறு மாதம் என்ன கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் தார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. வாசல் திறந்தாலும் வழி ஆர்.எஸ்.எஃப். பகுதிக்குள் போகிறது. 2025 ஜூன் தொடக்கத்தில் எல் ஃபாஷரை நோக்கிப் போன ஐ.நா. லாரி வரிசை அல் கூமா அருகே தாக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அக்டோபர் கடைசியில் உலக உணவுத் திட்டத்தின் மூத்த அதிகாரிகள் இரண்டு பேரை ராணுவ அரசு நாட்டை விட்டு அனுப்பியது.

எல்லைகளற்ற மருத்துவர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பணத்தில் பெரும்பகுதி தனிமனிதர்கள் கொடுப்பது. எல் ஃபாஷரிலிருந்து தப்பியவர்கள் நடந்து வந்து சேரும் தவீலாவில் அவர்கள் மருத்துவம் பார்க்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. பொது நிதிக்குக் கொடுத்தால் அது சூடானுக்குத்தான் போகும் என்று உறுதி கிடையாது. சூடான் என்று குறித்துக் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, 80ஜி. இந்தியக் கிளையில் கொடுத்தால் வரிச் சலுகை கிடைக்கலாம். ஆனால் இந்திய அறக்கட்டளை ஒன்று வெளிநாட்டில் செலவு செய்தால், வருமான வரித் துறையின் தனி ஒப்புதல் இல்லாவிட்டால் அதன் வரிவிலக்குக்கே ஆபத்து. ஆகவே 80ஜி ரசீது தருகிறவர்களிடம், "இந்தப் பணம் எந்த நாட்டில் செலவாகும்?" என்று எழுத்தில் கேளுங்கள். நம் ஊரிலேயே சூடான் பெயரைச் சொல்லி வசூல் செய்கிறவர்களிடமும் இதே கேள்வி.

பழைய துணி, மருந்து, அரிசி மூட்டை அனுப்பும் யோசனையை இங்கேயே முடித்துவிடுகிறேன். 2009ல் ஐரோப்பாவில் இருந்த ஈழத்தமிழர்கள் வன்னி மக்களுக்காக அனுப்பிய வணங்காமண் கப்பல் நினைவிருக்கிறதா? இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பி, சென்னைத் துறைமுகத்தில் சரக்கை இறக்கி, வேறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. அண்டை நாட்டுக்கே அந்தக் கதி. பொருள் வேண்டாம்.

## வழி 2: அங்கேயே சமைத்துப் போடும் இளைஞர்கள்

சூடானில் 'நஃபீர்' என்று ஒரு பழக்கம் உண்டு. அறுவடைக்கோ, வீடு கட்டவோ, வெள்ளம் வந்தாலோ ஊரே கூடி வந்து கை கொடுப்பது. 2018, 2019ல் சர்வாதிகாரி பஷீருக்கு எதிராகத் தெருவில் நின்ற பேட்டை இளைஞர்கள், போர் வந்ததும் அந்தப் பழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். அவசர உதவி அறைகள் என்று பெயர். நாடு முழுக்க 700க்கும் மேல். தப்பிப்போக வழி சொல்வது, காயம்பட்டவரைத் தூக்கிப்போவது, கிணற்றுக்கு மோட்டார் போடுவது என்று எல்லாம் செய்கிறார்கள். முக்கியமான வேலை 'தகாயா' எனப்படும் சமையல் கூடங்கள். 2025ல் இவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருதும் நார்வேயின் ராஃப்டோ பரிசும் கிடைத்தன.

அண்டாவில் என்ன வேகிறது என்று பார்த்தால் அந்நியமாக இருக்காது. தார்ஃபூரின் முக்கியத் தானியம் கம்பு. மற்ற இடங்களில் சோளம். அதில் கிண்டும் களிக்கு 'அஸீதா' என்று பெயர். காய்ந்த வெண்டைக்காயைப் பொடித்துக் குழம்பு. நம் ஊர்க் கம்பங்களியும் வெண்டைக்காய் வற்றல் குழம்பும்தான். அது இல்லாத நாளில் வெறும் பருப்புத் தண்ணீர். மே மாதம்தோறும் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிக்கும் நமக்கு, குண்டு விழும் இடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

என் முதல் கேள்விக்கு இந்த வழியைப் போல வேறு எதுவும் பதில் சொல்வதில்லை. லாரி வேண்டாம், எல்லை அனுமதி வேண்டாம். வெளிநாட்டில் பதிவு பெற்ற கூட்டமைப்பு ஒன்று பணத்தைத் திரட்டி, சூடானில் எல்லாரும் பயன்படுத்தும் 'பன்கக்' என்ற வங்கிச் செயலி வழியாகப் பேட்டைக் குழுவுக்கு அனுப்பும். அவர்கள் உள்ளூர்ச் சந்தையில் தானியம் வாங்கிச் சமைப்பார்கள். மியூச்சுவல் எய்டு சூடான் கொயலிஷன் இப்படிப்பட்ட கூட்டமைப்புகளில் ஒன்று. தனித் தன்னார்வலர் பெயரில் சமூக வலைத்தளத்தில் சுற்றும் வங்கி எண்ணுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அந்த ஆளை நீங்கள் ஆபத்தில் மாட்டிவிடலாம். இரண்டு தரப்பும் இந்தத் தன்னார்வலர்களை எதிரியின் உளவாளி என்று சொல்லிப் பிடிக்கின்றன, அடிக்கின்றன, கொல்கின்றன.

மறைமுகச் செலவையும் ஒளிக்காமல் சொல்கிறேன். முற்றுகை இட்ட ஊர்களில் செயலியில் வந்த பணத்தை ரொக்கமாக மாற்ற வியாபாரிகள் பெரிய கமிஷன் பிடிக்கிறார்கள். பல இடங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் செத்துக் கிடக்கின்றன. ஸ்டார்லிங்க் பெட்டி வைத்திருப்பவரிடம் மணிக் கணக்கில் காசு கொடுத்துத்தான் இணையம். அந்தப் பெட்டி பல ஊர்களில் ஆயுதக்காரர் கையில் இருக்கிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கு, "ஒரு பைசாவும் போகாது" என்று என்னால் சொல்ல முடியாது. சந்தைக்குத் தானியம் வரும் வழியிலும் சோதனைச் சாவடிக்காரர் வாங்குகிறார். பெரிய லாரியிலிருந்து பிடுங்கும் அளவுக்கு ஓர் அண்டாவிலிருந்து பிடுங்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். ரசீதும் சரியான நேரத்தில் வராது. புகைப்படம் வந்தால் வரும்.

80ஜி கிடையாது. யூ.பி.ஐ. பெரும்பாலும் ஓடாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட அட்டை வேண்டும், வங்கி நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும். குறிப்பில் சூடான் என்று பார்த்தால் வங்கியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாலும் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இந்தியர் ஒருவர் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் மூலவரி வசூல் வரும். ஆனால் ஊரார் பணத்தை ஒருவர் கணக்கில் சேர்த்து அனுப்புவது வேண்டாம். நாளைக்கு வருமான வரிக் கேள்வி வந்தால் அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரவர் அட்டையில் அவரவர் அனுப்புங்கள்.

## வழி 3: நகைக்கடையில் ஒரு கேள்வி

"பணம் அனுப்புவது ஓட்டைப் பானையில் தண்ணீர். ஓட்டையை அடையுங்கள்" என்று எழுதியவர் தி. நகரில் வேலை பார்ப்பவர். அவர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது.

சூடான் ஆப்பிரிக்காவின் பெரிய தங்க உற்பத்தி நாடுகளில் ஒன்று. 2024ல் அரசுக் கணக்கிலேயே 64 டன். கள்ளத்தனமாகப் போவது தனி. தார்ஃபூரின் ஜெபல் அமிர் சுரங்கப் பகுதியை வைத்துத்தான் ஹெமெட்டி குடும்பம் பணம் பார்த்தது. அவர்களுடைய அல் ஜுனைத் நிறுவனத்தின் மேல் 2023 ஜூனிலேயே அமெரிக்கா தடை போட்டது. ராணுவத்தின் பிடியில் உள்ள வடக்குப் பகுதியிலும் சுரங்கங்கள் உண்டு. இரண்டு பக்கத் தங்கத்துக்கும் பெரிய சந்தை ஒன்றே: துபாய். சுவிஸ்எய்ட் அமைப்பின் கணக்குப்படி 2024ல் சூடானிலிருந்து நேரடியாக மட்டும் 29 டன் அமீரகத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு 17. சாட், எகிப்து, லிபியா என்று சுற்றிப் போனது இதில் சேராது. எந்த நாட்டை இனப்படுகொலைக்குத் துணை போவதாக ராணுவம் நீதிமன்றத்துக்கு இழுத்ததோ, அந்த நாட்டுக்கே தன் தங்கத்தையும் விற்றது.

துபாயிலிருந்து நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம்? இந்தியாவுக்கு அதிகத் தங்கம் தரும் நாடுகளில் அமீரகமும் ஒன்று. 2022 மே 1 முதல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட அளவு தங்கத்துக்கு வரிச் சலுகையும் உண்டு. உருக்கிக் கட்டியானபின் அதற்கு ஊர் கிடையாது.

என் மனைவியின் மோதிரத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் பி.ஐ.எஸ். முத்திரை, 22கே916, பிறகு ஆறு எழுத்தும் எண்ணுமான ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறி. அதைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நகைக்கடை, எந்த ஹால்மார்க் மையம், என்ன சுத்தம் என்று எல்லாம் வருகிறது. எந்த மண் என்பது மட்டும் இல்லை. அரை கிராம் செம்பு கூடினால் கண்டுபிடிக்க இவ்வளவு ஏற்பாடு செய்த நாம், ரத்தம் கலந்திருந்தால் கண்டுபிடிக்க ஒரு கட்டமும் வைக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கல்யாண வீடு என்றால் தங்கமே வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாரும் கேட்கவும் போவதில்லை. பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்தால் புதுத் தங்கத்துக்கு உங்களால் தேவை கூடாது. இதன் மறைமுகச் செலவு பழைய நகைக்குக் கழிவு, புதியதற்குச் சேதாரம், செய்கூலி. கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். புதிதாகவே வாங்குகிறீர்கள் என்றால், "இந்தக் கட்டி எந்தச் சுத்திகரிப்பு ஆலை, தங்கம் எந்த நாடு?" என்று கடையில் கேளுங்கள். விற்பனைப் பெண்ணிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராது. பத்துப் பேர் கேட்டாலும் வராது. முகூர்த்த மாதத்தில் ஆயிரம் பேர் கேட்டால் யாராவது ஒரு கடை "எங்கள் தங்கம் எங்கிருந்து வருகிறது" என்று பலகை வைக்கும். ஹால்மார்க்கும் ஒரு காலத்தில் கேட்டால்தான் கிடைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. நம் வீடுகளில் துபாயிலும் ஷார்ஜாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அமீரகத்தின் இணையச் சட்டம் கடுமையானது. நீங்கள் எழுதியதை அவர்கள் பகிர்ந்தால் வேலை போவதோடு நிற்காது. அவர்களை இதில் இழுக்காதீர்கள், பதிவில் பெயரைக் கோக்காதீர்கள்.

இந்த வழியில் இன்றைக்குப் பசித்தவருக்கு ஒரு பிடி களிகூடப் போகாது. நாலாவது கேள்விக்கு மட்டும்தான் இதில் பதில் இருக்கிறது.

## வழி 4: எம்.பி.க்குக் கடிதம்

"2009ல எழுதினோமே, என்ன ஆச்சு?" இந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கும் நா எழவில்லை. 2008 அக்டோபரில் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியில் நின்றவர்களில் நானும் ஒருவன். அடுத்த மே மாதம் என்ன நடந்தது என்று தெரியும். அப்போது உலக நாடுகள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியை இப்போது சூடான்காரர் நம்மைப் பார்த்துக் கேட்கலாம். கடிதம் எழுத எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

எழுதினால் துல்லியமாக எழுத வேண்டும். "சூடானில் அமைதி வேண்டும்" என்று எழுதினால் நன்றிக் கடிதம் வரும். மாறாக, மக்களவையில் கேட்கத்தக்க கேள்வியாகக் கொடுங்கள். அமீரகத்திலிருந்து சலுகை வரியில் வரும் தங்கம் எந்த நாட்டில் தோண்டியது என்று அரசு பதிவு செய்கிறதா? சூடான் தங்கம் சேராமல் இருக்க என்ன ஏற்பாடு? சூடானுக்கான ஐ.நா. நிதிக் கோரிக்கைக்கு இந்தியா எவ்வளவு கொடுத்தது? 2025க்கு ஐ.நா. கேட்ட சுமார் 420 கோடி டாலரில் பாதிகூடச் சேரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தார்ஃபூருக்கு மட்டும் இருக்கும் ஆயுதத் தடையை நாடு முழுமைக்கும் விரிக்க இந்தியா ஆதரவு தருமா?

செலவு தபால் தலை மட்டும். மறைமுகச் செலவு உங்கள் பொறுமை. மாநில அரசையும் மறக்க வேண்டாம். 2022 மே மாதம் இலங்கை தவித்தபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசிக் கப்பல் கிளம்பியது. ஒன்றிய அரசின் சம்மதத்தோடுதான்.

## வழி 5: நம் ஊரில் இருக்கும் சூடான்காரர்

சென்னையில் படிக்கும் சூடான் மாணவர்கள் இருக்கிறார்கள், மருத்துவத்துக்கு வந்து போர் காரணமாகத் திரும்ப முடியாமல் தவித்தவர்களும் உண்டு. இந்தியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாத நாடு. விசா முடிந்தால் திண்டாட்டம்தான். வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோன மாணவருக்கு ஒரு பருவக் கட்டணம், வாடகை முன்பணத்தில் ஒரு விட்டுக்கொடுப்பு, இதெல்லாம் நம் கண் முன்னால் நடக்கும் உதவி. பணம் முழுதாகச் சேரும், சட்டச் சிக்கல் குறைவு. போரைத் தொடாது, அங்கே பசித்தவரையும் தொடாது. வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்களுக்கும் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு சீக்கிரம் | ஆயுதக்காரர் பிடுங்குவது | இங்கிருந்து செய்ய | வெளிக் கையைத் தொடுமா |
|---|---|---|---|---|
| பெரிய அமைப்புகள் | அனுமதியைப் பொறுத்து வாரம், மாதம் | லாரி, சாவடி, அனுமதி என்று பல இடத்தில் | சுலபம் | இல்லை |
| சமையல் கூடங்கள் | வேகம் | ரொக்கக் கமிஷன், இணையக் காசு | அட்டை வேண்டும், 80ஜி இல்லை | இல்லை |
| நகைக்கடைக் கேள்வி | ஆண்டுக் கணக்கு | பேச்சில்லை | யாரும் செய்யலாம் | ஆம் |
| எம்.பி. கடிதம் | தெரியாது | பேச்சில்லை | யாரும் செய்யலாம் | ஆம், நடந்தால் |
| சென்னையில் இருப்பவர் | உடனே | இல்லை | மிகச் சுலபம் | இல்லை |

## பெரம்பூர் அக்காவுக்குச் சொன்னது

ஒருவர் தனியாகப் பெரிய தொகை கொடுக்கிறார், பின்தொடர நேரமில்லை, கணக்கு கச்சிதமாக வேண்டும் என்றால் முதல் வழிதான் சரி. குழந்தைகளின் ஊட்டச்சத்து, தொற்றுநோய் இதற்கென்று கொடுப்பவருக்கும் அதுவே. முகூர்த்தம் குறித்த வீட்டாருக்கு மூன்றாவது. கையில் காசே இல்லை, ஆனால் மனசு கேட்கவில்லை என்பவருக்கு நாலாவது.

அக்காவிடம் இருப்பது 14 குடும்பங்களின் சின்னச் சின்னத் தொகை. ஆகவே 40,000 சமையல் கூடங்களுக்கு, 20,000 தவீலா பக்கம் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு என்று பிரிக்கச் சொன்னேன். மொத்தமாக ஒரே நாளில் அனுப்பாமல் மாதா மாதம் கொஞ்சம் அனுப்பச் சொன்னேன். செய்தியில் வரும்போது அள்ளிக் கொடுத்து, செய்தி நின்றதும் கையை இழுத்துக்கொள்வதால்தான் அண்டாக்கள் கவிழ்கின்றன. ஒன்பது குடும்பங்களுக்கு வெளிநாட்டுக்குத் திறந்த அட்டை இல்லை. அதை வங்கிச் செயலியில் திறக்க அவருடைய பிளஸ் டூ மாணவி ஒருத்தி வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுத்தாள்.

கடிதத்தையும் எழுதியிருக்கிறார்கள், தமிழில், ஒன்றரைப் பக்கம். மக்களவையில் கேள்வி கேட்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வட சென்னை எம்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுப்பதாகத் திட்டம். 14 கையெழுத்தில் 11 வந்துவிட்டன. மற்ற மூன்று வீட்டிலும் பிள்ளைகள் அமீரகத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டாம் என்று அக்காவே முடிவு செய்துவிட்டார்.